வீட்டுக்கடன் டியூ கழுத்தை நெரிக்கிறதா? வட்டிச் சுமையைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2025 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரிலிருந்து தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். "மச்சான், ரிசர்வ் வங்கி மறுபடியும் வட்டியைக் குறைச்சிருச்சுன்னு டிவியில சொல்றாங்க. எனக்கு டியூ ஒரு ரூபா கூடக் குறையலையே?"

பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவர். அந்த ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஓவர்டைம் நின்றுபோனது. கைக்கு வருவது குறைந்துவிட்டது. மாதம் 16,610 ரூபாய் வீட்டுக்கடன் தவணை மட்டும் குறையவில்லை. "ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு வாங்க மாப்ளே, பார்க்கலாம்" என்றேன். பார்த்ததில் தெரிந்ததையும், அதற்கு முன் என் சொந்தக் கடனில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கஷ்டத்தில் இருக்கும், வீட்டுக்கடன் வாங்கியவரின் வட்டியை அரசே வங்கிக்குக் கட்டும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் அப்படி ஒன்று உண்டு; குறிப்பிட்ட உதவித்தொகை வாங்குபவர்களுக்கு வட்டியின் ஒரு பகுதியை அரசு கட்டும். 2018 ஏப்ரலிலிருந்து அதுவும் வீட்டின் மேல் ஏறும் கடனாக மாறிவிட்டது. நம் ஊரில் அரசு மானியம் புதிதாக வீடு வாங்குபவருக்குத்தான். ஏற்கெனவே கடன் வாங்கித் திணறுபவருக்கு விடிவு இருப்பது கடன் கணக்குக்குள்ளேயேதான். அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தானாக வராது.

படி 1: ஸ்டேட்மென்ட்டைக் கையில் எடுங்கள்

வங்கிக்கு நடையைக் கட்டுவதற்கு முன் ஐந்து விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: இன்றைய தேதியில் பாக்கி அசல், தற்போதைய வட்டி விகிதம், மாதத் தவணை, இன்னும் எத்தனை தவணை, கடன் தொடங்கியபோது சொன்ன காலம். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி, இவற்றில் வட்டி விகிதம், தவணை, மீதித் தவணை எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையைக் காலாண்டுக்கு ஒரு முறை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். இதுவரை கட்டியதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். செயலியில் கிடைக்காவிட்டால் கிளையில் எழுத்தில் கேளுங்கள்.

கடைசி விவரத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை கதையையே எடுத்துக்கொள்வோம். 2021 தொடக்கத்தில் 20 லட்சம் கடன், 20 ஆண்டு, 7 சதவீதம், தவணை 15,506. அப்போது ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4 சதவீதம். 2022 மே மாதம் ஏறத் தொடங்கிய ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது, அவர் வட்டியும் 9.5 ஆனது. பாக்கி அசல் ஏறக்குறைய 19 லட்சம். அதற்கு 9.5 சதவீதத்தில் மாத வட்டி மட்டுமே 15,050. கட்டும் 15,506-இல் அசலுக்குப் போவது 450 ரூபாய்! அதே தவணையைத் தொடர்ந்திருந்தால் மீதியிருந்த 18 ஆண்டு 37 ஆண்டைத் தாண்டியிருக்கும். வயது இடம் தராது என்பதால் வங்கி மீதிக் காலத்தை 25 ஆண்டாக்கி, தவணையையும் 16,610 ஆக்கியது. ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. அவர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார்.

படி 2: உங்கள் வட்டி எந்தக் கயிற்றில் கட்டியிருக்கிறது?

அனுமதிக் கடிதத்தில், அதாவது சாங்ஷன் லெட்டரில், இது இருக்கும்.

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கியில் வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்றால், அது ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். ரெப்போ 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5, டிசம்பரில் 5.25 என்று இறங்கியது. மொத்தம் 1.25 சதவீதம். உங்கள் வட்டியும் அதே அளவு இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அதற்கு முன் வாங்கியது என்றால் எம்.சி.எல்.ஆர். (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே கணக்கிடும் விகிதம்) முறையிலோ, அதற்கும் பழைய பேஸ் ரேட் முறையிலோ இருக்கலாம். எம்.சி.எல்.ஆர். கடனில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான் வட்டி மாறும். இவர்கள் ரெப்போ முறைக்கு மாறிக்கொள்ளலாம்; நியாயமான நிர்வாக, சட்டச் செலவைத் தவிர வேறு கட்டணம் கிடையாது என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஒரே ஒரு விண்ணப்பம்தான். அதைக் கூடக் கொடுக்காமல் வருடக்கணக்கில் ஒரு சதவீதம் கூடுதலாகக் கட்டுபவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் வாங்கியிருந்தால் கதை வேறு. ரெப்போவோடு கட்டியாக வேண்டும் என்ற விதி அவர்களுக்கு இல்லை. தாங்களே வகுத்த அடிப்படை விகிதம் வைத்திருப்பார்கள். ஏறும்போது லிஃப்டில் ஏறும், இறங்கும்போது படியில் இறங்கும். குறைந்த வருமானக்காரர்கள், சம்பள ரசீது இல்லாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கடன் வாங்குகிறார்கள் என்பதுதான் சோகம். இவர்களுக்குப் படி 4 மிக முக்கியம்.

படி 3: காலம் குறைய வேண்டுமா, தவணை குறைய வேண்டுமா?

மாப்பிள்ளையின் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. வட்டி உண்மையிலேயே 8.25-க்கு இறங்கியிருந்தது. வங்கி தவணையை அப்படியே விட்டுவிட்டுக் காலத்தைக் குறைத்திருந்தது. பாக்கி 18.27 லட்சம், இன்னும் 22 ஆண்டு கட்ட வேண்டியிருந்தது சுமார் 17 ஆண்டாகச் சுருங்கியிருந்தது.

கையில் வருமானம் நிலையாக இருப்பவருக்கு இது நல்லதுதான், எந்த ஆலோசகரும் பாராட்டுவார். ஆனால் ஓவர்டைம் நின்ற மனிதருக்கு 2042-இல் கிடைக்கப்போகும் நிம்மதி எதற்கு? அவருக்கு வேண்டியது அடுத்த மாத ரேஷனுக்கும் பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கும் காசு. அதே 22 ஆண்டை வைத்துக்கொண்டால் தவணை 15,020-க்கு வந்துவிடும். மாதம் ஏறக்குறைய 1,590 ரூபாய் கைக்கு மிஞ்சும்.

இதற்கு விலை உண்டு, மறைக்க மாட்டேன். 22 ஆண்டும் இப்படியே ஓடினால் மொத்தத்தில் 5.4 லட்சம் போலக் கூடுதலாகக் கட்ட நேரும். ஆகையால் இதை மூச்சு வாங்கும் இடைவெளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலைமை சீரானதும் தவணையைப் பழையபடி ஏற்றச் சொல்லி இன்னொரு கடிதம் கொடுத்துவிடலாம். இடையிடையே அசலில் கொஞ்சம் கட்டலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது. வங்கிகளுக்கு இந்த விதி 2012-இலிருந்தே இருக்கிறது. தீபாவளி போனஸில் பத்தாயிரம் கட்டினாலும் பாக்கிக் காலத்தில் மாதங்கள் குறையும்.

வட்டி ஏறும் காலத்திலும் இதே கேள்விதான். 2023 சுற்றறிக்கைப்படி தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்ற தேர்வு கடன் வாங்கியவருக்குத் தரப்பட வேண்டும். தவணை மாத வட்டிக்குக் கூடப் போதாமல் அசல் வளரும் நிலை வரவே கூடாது என்றும் அதில் இருக்கிறது. வந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள்.

படி 4: 'ஸ்பிரெட்' என்கிற மறைந்த எண்

உங்கள் வட்டி = ரெப்போ + வங்கியின் கூடுதல். மாப்பிள்ளைக்கு அந்தக் கூடுதல் 3 சதவீதம். அதே 2025 இறுதியில் நல்ல சிபில் மதிப்பெண்ணோடு (கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண்) புதிதாக வருபவருக்குச் சில பொதுத்துறை வங்கிகள் 7.5-க்கும் கீழே கொடுத்துக்கொண்டிருந்தன. நாலு வருடமாக ஒரு தவணை தவறாதவருக்கு 8.25, நேற்று வந்தவருக்கு 7.5! பழைய வாடிக்கையாளர் போகமாட்டார் என்ற தைரியம்தான் காரணம்.

இந்தக் கூடுதலின் சில பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம் என்று முன்பு இருந்தது. கடன் வாங்கியவருக்கு நன்மை தரும் வகையில் அதற்கு முன்பே குறைக்கலாம் என்று 2025 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி தளர்த்தியிருக்கிறது. 'விதி இடம் தரவில்லை சார்' என்று மேனேஜர் சொன்னால் இதைப் பணிவாக நினைவூட்டலாம்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சிபில் அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒன்று இலவசம். பிறகு வேறொரு வங்கியில் கடனை மாற்றினால் என்ன வட்டி என்று விசாரித்து, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு உங்கள் வங்கியில், "எனக்கும் புதிய வாடிக்கையாளருக்கான விகிதம் தாருங்கள், இல்லையென்றால் முழுத்தொகை முடிப்புக் கடிதமும், உங்களிடம் உள்ள ஆவணப் பட்டியலும் தாருங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். ஆவணப் பட்டியல் கேட்டதுமே குரல் மாறும்! மாப்பிள்ளைக்கு ஒரு சிறு மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு 7.75 ஆக்கினார்கள். காலத்தை 22 ஆண்டாகவே வைத்ததில் தவணை 14,440-க்கு வந்தது. இரண்டு கடிதத்தில் மாதம் 2,170 ரூபாய்.

உண்மையாகவே வேறு வங்கிக்கு மாறுவதென்றால் செலவைக் கூட்டிப் பாருங்கள்: செயலாக்கக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர், பத்திர ஒப்படைப்பு என்கிற எம்.ஓ.டி.யை மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் செலவு. பாக்கி அசல் பெரிதாகவும் காலம் நீண்டதாகவும் இருந்தால் அரை சதவீத வித்தியாசமே இந்தச் செலவை ஈடுகட்டும். கடைசி நாலைந்து ஆண்டில் இருப்பவர் அலைய வேண்டாம். மாறும்போது 'கூடவே டாப்-அப் ஒரு ரெண்டு லட்சம் போட்டுத் தரேன்' என்று ஏஜென்ட் ஆசை காட்டுவார். சுமை குறைக்கப் போய்ச் சுமை ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

இரண்டு தவணை தவறிய பிறகு வேறு வங்கி உங்களைத் தொடாது. இந்தப் படியெல்லாம் தவறுவதற்கு முன் எடுக்க வேண்டியது.

படி 5: அரசு வட்டி மானியம் யாருக்கு?

பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-இன் வட்டி மானியப் பிரிவு. 2024 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு அனுமதியான கடனுக்கு மட்டும். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள். 3 லட்சம் வரை ஒரு பிரிவு, 6 வரை ஒன்று, 9 வரை ஒன்று. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், உள்பரப்பு 120 சதுர மீட்டருக்குள். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு, அதாவது நிரந்தரக் கட்டுமான வீடு, இருக்கக் கூடாது.

கடனின் முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டு வரையான காலத்துக்கு 4 சதவீத மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். முழு மானியம் கிடைத்தால் ஆண்டுக்கு 36,000.

ஒரு நுணுக்கம்: ஒவ்வொரு தவணை மானியம் வரும்போதும் கடன் உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். ஊரிலிருந்து நிலம் விற்ற பணம் வந்தது என்று மூன்றாம் ஆண்டே பெரும்பகுதியை அடைத்துவிட்டால் மிச்ச மானியம் போய்விடும். முந்திக்கொண்டு அடைக்கும் சிக்கனக்காரர்கள் இங்கே சற்றுக் கணக்குப் போட வேண்டும். அதேபோல வருமானம் முடங்கிக் கடன் வாராக்கடன் ஆகிவிட்டாலும் மானியத்தை நம்ப முடியாது.

2024 செப்டம்பருக்குப் பிறகு கடன் வாங்கி, இதற்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் கடன் கொடுத்த கிளையில் உடனே கேளுங்கள். குடும்பத்தார் அனைவரின் ஆதார், வருமானச் சான்று, வீடு இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 'வாங்கித் தரேன், பத்தாயிரம் கொடு' என்று வரும் தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

2015-இல் தொடங்கிய பழைய மானியத் திட்டத்தில் குறைந்த வருமானப் பிரிவு 2022 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. அதில் விட்டவர்களுக்கு இப்போது வழியில்லை.

வருமான வரிச் சலுகை பற்றி நிறையப் பேசுவார்கள். பழைய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் கிடையாது. ஆனால் 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லாதபோது, மாதம் முப்பதாயிரம் சம்பாதிப்பவருக்கு எந்த வரியைக் கழிப்பது?

படி 6: அடுத்த மாதம் கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே

இங்கேதான் நான் ஏமாந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வேலை போனபோது இரண்டு மாதம் வங்கியின் போனை எடுக்காமல் இருந்தேன். கூச்சம்தான். மூன்றாம் மாதம் போனபோது, "முன்னாடியே வந்திருந்தா காலத்தை நீட்டிக் கொடுத்திருப்போமே" என்றார் அந்த அதிகாரி. உண்மையா, வாய்ப்பேச்சா தெரியாது. ஆனால் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது.

தவணை தேதி தாண்டியதிலிருந்து நாள் எண்ணப்படுகிறது. 30 நாள் வரை ஒரு நிலை, 31 முதல் 60 வரை இரண்டாம் நிலை, 61 முதல் 90 வரை மூன்றாம் நிலை. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதன் பிறகு ஒரு தவணை கட்டினால் போதாது. நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு சாதாரண நிலைக்குத் திரும்பும். கையில் ஒரு தவணைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மிகப் பழைய நிலுவைக்குக் கட்டி 90-ஐத் தொடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

வங்கியிடம் வாயால் சொல்வது காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள், நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

'மேலாளர் அவர்களுக்கு, கடன் எண் ........ . நான் ........ நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ........ மாதத்திலிருந்து என் வருமானம் ........ ரூபாயிலிருந்து ........ ஆகக் குறைந்துவிட்டது, சம்பள ரசீதும் வங்கிக் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன். இதுவரை தவணை தவறியதில்லை. இப்போது என்னால் மாதம் ........ ரூபாய் கட்ட இயலும். ஆகையால் கடன் காலத்தை ........ மாதம் நீட்டித் தவணையைக் குறைத்துத் தருமாறும், வட்டியில் உள்ள கூடுதல் விகிதத்தை மறுபரிசீலனை செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

'எவ்வளவு கட்ட முடியும்' என்ற எண்தான் இந்தக் கடிதத்தின் உயிர். 'கஷ்டமா இருக்கு சார்' என்றால் அனுதாபம் கிடைக்கும். எண்ணைச் சொன்னால்தான் கோப்பு நகரும்.

வங்கி கடனைச் சீரமைக்கலாம், சில மாதம் தவணை விடுப்புத் தரலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீரமைத்தால் சிபிலில் அது பதிவாகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். விடுப்பு என்பது தள்ளுபடி ஆகாது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை தள்ளிவைத்தபோது பலர் வட்டியும் நின்றது என்று நம்பிவிட்டார்கள். 9 சதவீதத்தில் 18 லட்சம் பாக்கி இருந்தால் ஆறு மாத விடுப்பில் 82,500 ரூபாய் போல அசலோடு ஏறும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுங்கள். ஆறு மாதம் முழுசாக நிறுத்துவதைவிட, முடிந்த தொகையைக் கட்டிக்கொண்டே இருப்பது மேல்.

கூடவே இதையும் பாருங்கள். கடன் வாங்கும்போது ஒரு இன்சூரன்ஸைத் தலையில் கட்டியிருப்பார்கள். பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்திருப்பார்கள். அதில் நோய், விபத்து, வேலையிழப்புக்குத் தவணை கட்டும் பிரிவு உண்டா என்று பாலிசியைப் படியுங்கள். கடன் வாங்கியவர் இறந்துபோய், பாலிசி இருப்பதே தெரியாமல் மனைவி தவணை கட்டுகிற கொடுமையும் நடக்கிறது. பி.எஃப். கணக்கு இருந்தால் வீட்டுக்கடனை அடைக்க அதிலிருந்து பணம் எடுக்கவும் வழி உண்டு.

தவணை தவறினால் வாங்கும் தண்டத்தைக் கவனியுங்கள். 2024 ஏப்ரல் முதல் அதை வட்டியாகக் கூட்டக் கூடாது. கட்டணமாகத்தான் வாங்க வேண்டும். அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போடக் கூடாது. அதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை என்று ஜி.எஸ்.டி. மன்றம் 2024 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. கணக்கில் பணம் இல்லையென்று தெரிந்தால் தவணை தேதிக்கு முன்பே சொல்லித் தேதியை மாற்றக் கேளுங்கள். ஒவ்வொரு பவுன்ஸுக்கும் இரண்டு பக்கமும் கட்டணம் விழும்.

டியூ கட்ட மீட்டர் வட்டிக்கோ தண்டலுக்கோ போகாதீர்கள். வீட்டுக்கடன் எட்டு ஒன்பது சதவீதம் ஆண்டுக்கு. நூற்றுக்குப் பத்து ரூபாய் மாத வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றிருபது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, ஆனால் வாங்கியபின் காவல்நிலையம் போவதைவிட வாங்காமல் இருப்பது எளிது. கிரெடிட் கார்டும் இதே ஜாதிதான். பீரோவில் இருக்கும் நகையை அடகு வைத்து ஒரு மாதத்தைக் கடத்துவது தவறில்லை. மூன்றாம் மாதமும் அதையே செய்ய வேண்டியிருந்தால், பிரச்சினை ஒரு மாதத்துக்கானது இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

படி 7: நோட்டீஸ் வந்துவிட்டால்

வாராக்கடன் ஆனதும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நீதிமன்றம் போகாமலே வீட்டை எடுக்க வங்கியால் முடியும். ஆனால் ஒரே நாளில் முடியாது. வரிசை இது.

முதலில் 13(2) நோட்டீஸ்: 60 நாளில் மொத்தக் கடனையும் கட்டு என்று வரும். பலர் பயந்துபோய் ரிஜிஸ்தர் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவார்கள். அது தற்காப்பு ஆகாது. வாங்குங்கள், கணக்கில் தவறு இருந்தால், கட்டியது வரவு வைக்கப்படாமல் இருந்தால், எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். இந்த 60 நாள்தான் பேச்சுவார்த்தைக்கு உங்களிடம் இருக்கும் நல்ல காலம். மொத்த நிலுவை, அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால், அதாவது பெரும்பகுதி கட்டி முடித்தவர் என்றால், இந்தச் சட்டம் பொருந்தாது. அதை ஆட்சேபத்தில் எழுதுங்கள்.

60 நாள் கழிந்தால் 13(4) சுவாதீன நோட்டீஸ். சுவரில் ஒட்டுவார்கள், இரண்டு பத்திரிகையில் போடுவார்கள், ஒன்று தமிழில். இதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. 45-ஐத் தவறவிட்டால் வழி மிகவும் குறுகிவிடும். வழக்கறிஞர் கட்டணம் பயமுறுத்தினால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. வீடு கூட்டுப் பெயரில் இருந்தால் மனைவி பெயரில் விண்ணப்பிக்கலாம். லோக் அதாலத்தில் சமரசமும் பேசலாம். அங்கே கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது, நினைவிருக்கட்டும்.

ஏலத்துக்கு முன் 30 நாள் விற்பனை அறிவிப்பு தர வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்வரைதான் முழுப்பணம் கட்டி வீட்டை மீட்கும் உரிமை. 2016 திருத்தத்துக்கு முன் நிலைமை வேறு. பழைய கதையைக் கேட்டு 'ஏலத்தன்னைக்குக் காலைல கட்டிக்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள்.

மீட்க முடியாது என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால், ஏலம் வரை காத்திருக்காமல் வங்கியின் ஒப்புதலோடு நீங்களே விற்றுவிடுங்கள். சொல்லக் கசப்பாக இருக்கிறது. ஆனால் ஏலத்தில் போகும் விலைக்கும் நீங்கள் ஆள் பார்த்து விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி உங்கள் காசு. ஏலமே நடந்தாலும் கடனும் செலவும் போக மீதித் தொகை உங்களுக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்குங்கள்.

ஒரே தவணைத் தீர்வு என்று குறைத்து முடிக்க வங்கி முன்வந்தால், தொகையும் கெடுவும் எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். சிபிலில் 'செட்டில்டு' என்று விழும். சில ஆண்டுக்குப் புதுக் கடன் கடினம். வீடு மிஞ்சுகிறதே, அதைப் பாருங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. உறவினருக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது. நடந்தால் நேரம், எண், பேசியது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

படி 8: புகார்

முதலில் வங்கிக்கே எழுத்தில். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கட்டணமின்றிக் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448. வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு. 'நான் ஏழை, வட்டியைக் குறை' என்ற புகார் நிற்காது. 'ரெப்போ இறங்கியும் என் வட்டி திருத்தப்படவில்லை', 'கேட்காமலே காலத்தை நீட்டினார்கள்', 'தண்டத்துக்கு வட்டி போட்டார்கள்' என்று விதிமீறலைச் சுட்டும் புகார் நிற்கும். சீல் வைத்த அந்தக் கடித நகல்கள் இங்கே உதவும்.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரம் உள்பட எல்லா ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி. பத்திரங்களைப் பக்கம் பக்கமாக எண்ணி வாங்குங்கள். நிலுவையில்லாச் சான்று வாங்கிய கையோடு எம்.ஓ.டி. ரத்துக்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கடனுக்கு எதிரே ரத்துப் பதிவு வந்திருக்க வேண்டும். சிபிலில் கணக்கு 'முடிந்தது' என்று மாற இன்னும் சில வாரம் ஆகலாம். அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.